கெலிஓயா வீட்டு நேரம்

கெலிஓயாவில் மஹ்ரூப் அங்கிளின் வீட்டில் தங்க இடம் கேட்டுப் போன முதல் நாளே அந்த மணிக்கூடு என் கண்ணில் பட்டது. கூடத்தில், பெரிய அலுமாரிக்கு மேலே, பச்சை விளிம்பு வைத்த வட்ட மணிக்கூடு. என் போன் காட்டிய நேரத்துக்கும் அது காட்டிய நேரத்துக்கும் அரை மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம். முதல் நாளே குறை சொல்லக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த றம்லத் ஆன்ட்டிதான் என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அதப் பாத்து பயப்படாதீங்க மகள். அது எங்கட வீட்டு நேரம். ரோட்டு நேரம் வேற."

வீட்டு நேரம் ஏன் முந்தி ஓடுகிறது என்று பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். அதிகாலை சுபஹ் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் பிந்தாமல் போக வேண்டும் என்று அங்கிள் முன்பு ஒருமுறை முள்ளைச் சற்றுத் தள்ளி வைத்திருக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆன்ட்டி தன் பங்குக்குத் தள்ளியிருக்கிறார். மூத்த மகன் ஸிபான் நானா பெட்டரி மாற்றும் ஒவ்வொரு தடவையும் "ஒரு கணக்குக்கு" வைத்திருக்கிறார். யார் எவ்வளவு கூட்டினார்கள் என்று மற்றவருக்குத் தெரியாது. அதனால் மணிக்கூட்டைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். அங்கிள் கழிப்பது குறைவு. என் வகுப்புத் தோழி ஜஹானா, அந்த வீட்டின் கடைசிப் பிள்ளை, கழிப்பதுதான் அதிகம்.

என் ஊர் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பகலில் பேராதனையில் போட்டோகொப்பிக் கடையில் வேலை. பின்னேரம் ஜஹானாவும் நானும் கண்டியில் முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா வகுப்புக்குப் போவோம். வகுப்பு முடிந்து வந்தால் கலஹாவுக்கு பஸ் இருக்காது. முதல் மூன்று மாதம் வகுப்பு முடியும் முன்பே எழுந்து பஸ்ஸுக்கு ஓடினேன். ஒவ்வொரு பாடத்திலும் கடைசிப் பகுதி எனக்குத் தெரியாமலே போனது. அப்போதுதான் ஜஹானா சொன்னாள்: "எங்கட வீட்டுல ஒரு அறை சும்மா ஈக்கி. நீ வந்தா எனக்கும் படிக்க ஆள்."

எங்கள் தோட்டத்துச் சிறுவர் நிலையத்தில் இருக்கும் டீச்சர் இந்த வருடக் கடைசியில் விலகுகிறார். அந்த இடத்தை எனக்குத் தருவதாகத் தோட்டத்து ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். ஆனால் டிப்ளோமா முடித்திருக்க வேண்டும். எழுத்துப் பரீட்சை முடிந்து, நான் பாஸ். மிச்சம் இருந்தது மாதிரிப் பாடம் மட்டும்தான். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, உண்மையான முன்பள்ளியில், உண்மையான பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அது வருடத்துக்கு ஒருமுறைதான். தவறவிட்டால் அடுத்த வருடம். தோட்டத்து வேலை அடுத்த வருடம் வரை யாருக்காகவும் காத்திருக்காது.

"ஜனவரிக்கு ஆள் வேணும்னு சொல்லிட்டாங்கம்மா. ஒன்ன விட்டா கீழ்க்கணக்குப் புள்ள ஒண்ணு கேட்டுக்கிட்டு இருக்கு," என்று அம்மா போனில் சொன்னார். தோட்டத்தின் கீழ்ப் பிரிவைத்தான் கீழ்க்கணக்கு என்பார்கள். அம்மாவின் பெயர் வீரம்மா. கொழுந்து எடுக்கிறார். அவசரமாகப் பேசுகிறவர் இல்லை. அன்று அவசரமாகப் பேசினார்.

அதனால் நான் ஒரு அட்டவணை போட்டேன்.

அட்டவணை போடுவது எனக்குப் பழக்கம். வகுப்பில் ஒருநாள் நேர முகாமைத்துவம் பற்றிப் படிப்பித்தார்கள். கரும்பலகையில் கட்டங்கள் போட்டு, எந்தக் கட்டத்துக்குள் என்ன வேலை வரவேண்டும் என்று காட்டினார்கள். எல்லோரும் கொப்பியில் வரைந்தார்கள். வீட்டுக்குப் போய் அதன்படி நடந்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். நான் ஒழுங்கான ஆள் என்பதால் இல்லை. கட்டம் போடாவிட்டால் எதையும் முடிக்க மாட்டேன் என்ற பயம். ஒவ்வொரு நாளும் டயரியில் என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்று எழுதுவேன். செய்யாததுதான் எப்போதும் நீளமாக இருக்கும்.

ஜஹானா என் அட்டவணையைக் கட்டிலில் படுத்தபடி வாசித்தாள்.

"சர்மி, இதுல மூச்சு விடுற நேரத்த எங்க போட்டீக்கிற?"

"கிண்டல் பண்ணாத."

"இல்ல, மெய்யாத்தான் கேக்கிறன். சாப்பாடு ஈக்கி, பாட்டுப் பழகுறது ஈக்கி, சாமான் சேக்கிறது ஈக்கி. தும்மல் வந்தா எந்தக் கட்டத்துல தும்முற?"

"ஒன்னோட கட்டத்துல தும்மிக்கிறேன். அங்க போன் பாக்குறதத் தவிர வேற ஒண்ணும் இல்ல."

போன்தான் எங்கள் இருவருக்கும் பெரிய பிரச்சினை. பிள்ளைகளுக்கான பாட்டு ஒன்றைத் தேடத் தொடங்கினால், தேடிய பாட்டு என்னவென்றே மறந்துபோகும். அதனால் ஒரு விதி எழுதினேன். வகுப்பு விட்டு வந்ததும் இரண்டு போனும் கூடத்து அலுமாரிக்குள். சாவி ஆன்ட்டியிடம். அடுத்த நாள் வீட்டை விட்டு இறங்கும்போது மட்டும் எடுக்கலாம். அந்தத் தாளை அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். ஆன்ட்டிக்கு அந்த வேலை பிடித்துப் போனது. எங்களிடமிருந்து போனை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "மத்தவங்கட போனையும் வாங்கி வைக்கட்டா?" என்று ஸிபான் நானாவைப் பார்ப்பார். அவர் தன் போனைக் காற்சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு நழுவிவிடுவார்.

விதி வேலை செய்தது. மிதப்பதும் தாழ்வதும் என்ற பாடத்தை எடுத்தோம். ஒரு பேசினில் தண்ணீர், ஒரு பையில் சாறு பிழிகிற தேசிக்காய், கரண்டி, கூழாங்கல், போத்தல் மூடி, காய்ந்த இலை. முதலில் ஒரு பாட்டு, அடுத்து சின்னக் கதை, பிறகு பேசின் வேலை, படம் கீறுவது, கடைசியில் கை துடைத்து இடத்தைச் சுத்தம் செய்வது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று பிரித்து எழுதி, இருவரும் கூடத்தில் பழகினோம். ஆன்ட்டியும் அங்கிளும் பிள்ளைகளாக இருந்தார்கள். அங்கிள் மோசமான பிள்ளை. கரண்டி தாழும் என்பதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இப்படிப் பழகும்போதுதான் அந்த மணிக்கூடு என்னை அலைக்கழித்தது. போன் அலுமாரிக்குள். கைக்கடிகாரம் கட்டக் கூடாது, பிள்ளைகளைத் தூக்கும்போது கீறும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சுவரில் இருப்பதை நம்பிப் பரீட்சை நாளின் காலையை எழுத உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு இறங்க வேண்டும் என்று எழுதினேன். எந்த எட்டு என்று எனக்கே தெரியவில்லை.

பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை பின்னேரம், எல்லோரும் கூடத்தில் இருந்தபோது கேட்டேன்.

"அங்கிள், நான் ஒண்ணு கேக்கலாங்களா? அந்த மணிக்கூட்ட சரியான நேரத்துக்கு வச்சிருவமா? திங்கக்கிழமை வரைக்கும் மட்டும்."

அங்கிள் மணிக்கூட்டை, வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டவரைப் போலப் பார்த்தார்.

"சரியா வச்சா நாங்க பிந்திடுவோமே மகள்."

"அதெப்பிடி வாப்பா, சரியா ஈந்தா பிந்துற?" என்றாள் ஜஹானா.

"இருவது வருஷம் கூட்டித்தானே ஓடினது. அத இப்ப குறைச்சா எங்களுக்கு எப்பிடிப் பழகும்?"

"மூணு நாள்தானே," என்றார் ஆன்ட்டி. "புள்ளைட பரீட்ச. வைங்க, வைங்க."

ஸிபான் நானா கதிரையில் ஏறினார். நான் ஆன்ட்டியிடம் சாவி வாங்கி, விதியை மீறி, போனை எடுத்துப் பார்த்து நேரம் சொன்னேன். முள் பின்னால் போனது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். "இப்ப வீட்டு நேரமும் ரோட்டு நேரமும் ஒண்டுதான்," என்று இறங்கினார் ஸிபான் நானா. கதிரையைத் துடைத்துப் போட்டார். அங்கிள் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பள்ளிவாசலுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை நான் நேரத்தோடு தயாராகிவிட்டேன். பையில் சாமான்கள், மடியில் பேசின். கூடத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் முறை முதலாவது, ஒன்பது மணிக்கு. முன்பள்ளி பேராதனைக்கு அந்தப் பக்கம். ஸிபான் நானாவின் முச்சக்கர வண்டியில் போவதாக ஏற்பாடு.

மணிக்கூடு எட்டைத் தொட்டது. ஸிபான் நானா தேங்காய்ச் சம்பலோடு ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜஹானா ஸ்கார்ஃபை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஜஹானா, எட்டாச்சு," என்றேன்.

அவள் மணிக்கூட்டை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னம் நேரமீக்கி."

"நானா..."

"ஏன் தங்கச்சி பதறுற? அங்க போய் அவங்க கேட்டுத் தொறக்கிற வரைக்கும் ரோட்டுல நிக்கவா? உம்மா, இன்னொரு ரொட்டி."

"அந்த மணிக்கூடு இப்ப சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டேன். கேட்டேனா, எனக்குள்ளே சொல்லிக்கொண்டேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது. குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த ஆன்ட்டியின் குரல் வந்தது.

"இல்ல மகள், அது பாஸ்டா ஓடுது."

அவ்வளவு உறுதியாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவர்தான். ஆனால் அந்த உறுதியைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சனிக்கிழமை கூடத்தைத் தூசு தட்டினார்கள். அப்போது மறுபடியும் தள்ளி வைத்திருப்பார்களோ? அங்கிள் முணுமுணுத்துக்கொண்டு போனாரே, அவர் தன் பங்கைத் திரும்பப் போட்டிருப்பாரோ? அப்படிப் போட்டிருந்தால் இவர்கள் சொல்வது சரி. வீட்டுக்காரர்கள் மூன்று பேர் நேரம் இருக்கிறது என்கிறார்கள். வாடகைக்கு வந்த நான் ஒருத்திதான் நேரமில்லை என்கிறேன்.

போனைப் பார்த்தால் தெரிந்துவிடும். போன் அந்த மணிக்கூட்டுக்குக் கீழேயே, அலுமாரிக்குள் இருந்தது. இறங்கும்போது மட்டும் எடுக்கலாம் என்று நானே எழுதிய தாள் கதவின் உள்பக்கம் இருந்தது. சாவியைக் கேட்டால் ஆன்ட்டியின் வார்த்தையை நம்பவில்லை என்று ஆகும். ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம் அடங்கியதைக் கேட்டேன். கேட்டுக்கொண்டு பேசினைத் துணியால் இன்னொரு முறை துடைத்தேன்.

ஒருவழியாக எல்லோரும் எழுந்தார்கள். ஆன்ட்டி அலுமாரியைத் திறந்து போன்களைத் தந்தார். ஜஹானா தன் போனைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்டுதான்," என்றாள்.

எட்டு நாற்பது. ஆன்ட்டி வாயில் கையை வைத்துக்கொண்டார்.

முச்சக்கர வண்டி கம்பளை ரோட்டுக்கு ஏறியது. பிறகு ஸிபான் நானா முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "அல்லாவே, நான் கழிச்சிட்டன். ரொட்டியக் கையில வச்சிக்கிட்டு பாத்தன், பாத்த உடனே கழிச்சிட்டன்."

"நானும்தான்," என்றாள் ஜஹானா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் கழிச்சயா?"

"நான் கழிக்கல."

"பின்ன ஏன் வாய மூடிட்டு ஈந்த?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டாள். பேராதனைச் சந்திக்கு முன்னால் வாகனங்கள் நீண்டு நின்றன. ஸிபான் நானா ஒரு பஸ்ஸுக்கும் மதிலுக்கும் நடுவே வண்டியை நுழைத்தார். நான் பேசினை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. வேறொரு சோடி உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்தவர் தவமலர் மிஸ், பரீட்சகர். யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு ஒருமுறை வகுப்பும் எடுத்திருக்கிறார்; தோட்டத்து ஆபீஸுக்குக் கடிதம் வேண்டும் என்று அப்போது அவரிடம் சொல்லியிருந்தேன்.

"ஏன் பிள்ளையள் பிந்தினியள்?"

மணிக்கூடு சரியாக இருந்ததால் பிந்திவிட்டோம் என்று எப்படிச் சொல்வது?

"எங்க பிழைதாங்க மிஸ்," என்றேன்.

"ஓம், அது தெரியுது. அடுத்த ஆக்களை உள்ள விட்டிட்டன். இனி வரிசையை மாத்தேலாது." கையிலிருந்த தாளைப் பார்த்தார். "கடைசியாச் செய்யலாம். அதுவும் பிள்ளையள் நிண்டால்தான். பதினொண்டரைக்குப் பிள்ளையளை ஏத்த வான் வந்திடும். பிள்ளையள் இல்லாமல் ஆருக்குப் பாடம் நடத்தப் போறியள்?"

"இருப்பாங்களா மிஸ்?"

"ஒவ்வொரு சோடியும் நேரத்துக்கு முடிச்சால் இருப்பினம்."

முற்றத்தில் ஒரு நெல்லி மரம். அதன் கீழே சிமெந்துக் கட்டு. அங்கே உட்கார்ந்தோம். அட்டவணையில் இல்லாத ஒரு காலை நேரம் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை. பையைத் திறந்து சாமான்களைச் சரி பார்த்தேன், மூடினேன். ஜஹானா மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே ஒரு சோடி முடித்தது, இன்னொன்று போனது. யாரும் நேரத்துக்கு முடிக்கவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சினார்கள். அந்த மிச்சமெல்லாம் எங்கள் தலையில் விழுந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இருக்கவில்லை.

இடைவேளைச் சாப்பாடு முடிந்தது. பதினொரு மணியிலிருந்து அம்மாமார் வரத் தொடங்கினார்கள். குடையோடு ஒருவர், ஸ்கூட்டரில் ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு பிள்ளை போகும்போதும் ஜஹானா என் முழங்கையைத் தொட்டாள்.

தவமலர் மிஸ் கூப்பிட்டபோது உள்ளே மூன்று பிள்ளைகள்தான் மிச்சம். மூன்றும் வானில் போகிற பிள்ளைகள். தோளில் பை மாட்டி, காலில் சப்பாத்துப் போட்டு, வாசலைப் பார்த்தபடி நின்றார்கள். வானும் வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே ஒரு தரம் ஹோர்ன் அடித்தது.

"பத்து நிமிஷமாவது நான் பாக்கவேணும்," என்றார் மிஸ், தணிந்த குரலில். "அதுக்குக் குறைஞ்சால் புள்ளி போடேலாது."

ஜஹானா என்னைப் பார்த்தாள். காலையில் கேட்ட கேள்வியை அவள் திரும்பக் கேட்கவில்லை. பேசினை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் கேட்டுக்கு ஓடினேன்.

வான்காரர் நடுத்தர வயது, தொப்பி போட்டவர். கண்ணாடிக்கு மேலே நஸீப் என்று பெயர் ஒட்டியிருந்தது. நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு ஸ்டியரிங்கில் கையை ஊன்றினார்.

"பத்து நிமிஷமா? தங்கச்சி, என்ட நேரமா ஈந்தா ஒரு மணித்தியாலம் வேணுமெண்டாலும் தருவன். அடுத்த ஸ்கூல்ல நாலு புள்ளைகள் வெயில்ல நிக்கிறாங்க. அவங்கட நேரத்த எடுத்து நான் எப்பிடி உங்களுக்குத் தாற?"

அது சரிதான். ஆனால் திரும்பிப் போகக் கால் வரவில்லை.

"நான் வந்து அவங்ககிட்ட சொல்றேங்க," என்றேன். "என்னாலதான்னு சொல்றேன். வீட்டுல அம்மாமாருக்கும் நீங்க போன் குடுங்க, நானே பேசுறேன்."

"அவங்கள்ட்டயா? அதுகள் ரெண்டாம் வகுப்பு. கடிச்சிப்போடும்." பிறகு என்ஜினை நிறுத்தினார். "போங்க. முடிச்சிட்டு வந்து இதே வான்ல ஏறணும். வாக்கு வாக்குத்தான். நான் சொல்ல மாட்டன், நீங்கதான் சொல்லணும்."

உள்ளே ஓடினேன். ஜஹானா பேசினில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள்.

"பத்துதான்," என்றேன். "பாட்டு வேணாம். கதை வேணாம்."

"படம் கீறுறது?"

"வேணாம். பேசின் மட்டும். அஞ்சு சாமான்ல மூணு. கடைசி ரெண்டு நிமிஷம் கை தொடைக்க."

"கல்லு?"

"கல்லு வேணாம். கரண்டி இருக்கு, ரெண்டும் ஒரே மாதிரி தாழும். தேசிக்காய் எடு."

எதை வெட்டினாலும் மிச்சம் எவ்வளவு என்று எனக்கு உடனே தெரிந்தது. அத்தனை நாள் பிரித்துப் பிரித்து எழுதியது அதற்காவது உதவியது. ஜஹானா தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் முதுகிலிருந்து பைகளைக் கழற்றினாள். அவள் கழற்றும் விதத்தில் பிள்ளைகளுக்கு வான் மறந்துபோனது.

"இந்தத் தேசிக்காய் நீச்சல் படிச்சதா, படிக்கல்லயா? யாருக்குத் தெரியும்?"

"படிக்கல்ல!" என்றான் ஒரு பையன்.

போட்டாள். மிதந்தது. பையன் ஏமாற்றப்பட்டவனைப் போல அதை விரலால் அமுக்கினான். அது திரும்ப மேலே வந்தது. கரண்டியைப் போட்டார்கள். தாழ்ந்தது. "அதுக்கு நீச்சல் தெரியா," என்றாள் சின்னப் பிள்ளை ஒருத்தி, மிகவும் கவலையாக. போத்தல் மூடியை நான் கொடுத்தேன். கவிழ்த்துப் போட்டால் என்ன, நிமிர்த்திப் போட்டால் என்ன என்று பார்த்தோம். அதுவரை வாயே திறக்காத மூன்றாவது பிள்ளை, யாரும் பார்க்காத நேரத்தில், தன் சப்பாத்தைக் கழற்றிப் பேசினுக்குள் போட்டாள்.

சப்பாத்து என் திட்டத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை. சப்பாத்து ஒரு சுற்றுச் சுற்றி, கப்பல் மாதிரி நிமிர்ந்து மிதந்தது. பிள்ளைகள் கத்தினார்கள்.

"ஏன் தாழல்ல?" என்று அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டாள். ஜஹானாவைக் கேட்கவில்லை.

எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "நாம இன்னொண்ணு செஞ்சு பாப்பமா? அதுக்குள்ள கரண்டிய ஏத்தினா?" என்றேன். அவள் மிகக் கவனமாகக் கரண்டியைச் சப்பாத்துக்குள் வைத்தாள். கரண்டியும் சேர்ந்து மிதந்தது. கரண்டிக்காகக் கவலைப்பட்ட பிள்ளை கை தட்டினாள்.

கை துடைத்தோம். சப்பாத்தைத் துணியில் ஒற்றி எடுத்தோம். இரண்டு நிமிடம் என்று நான் ஒதுக்கியது போதவில்லை, நாலு ஆகியிருக்கும். தவமலர் மிஸ் எழுதிக்கொண்டே இருந்தார். பேனையை மூடிவிட்டு எங்களை வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்தார்.

"முடிவை ஆபீஸ்தான் சொல்லும். நான் சொல்லக் கூடாது." ஈரச் சப்பாத்தோடு வானுக்கு ஓடும் பிள்ளையைப் பார்த்தார். "இதில நேரத்துக்கு எண்டு ஒரு பெட்டி இருக்கு. அதுக்குள்ள என்ன போடுவன் எண்டு உங்களுக்கே தெரியும். மற்றப் பெட்டியளுக்காக நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. சர்மிளா, தோட்டத்து ஆபீஸுக்குக் கடிதம் வேணுமெண்டு சொன்னனீர் எல்லோ? வெள்ளிக்கிழமை வாரும்."

ஜஹானா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். வலித்தது. நன்றி சொன்னேனா என்று தெரியவில்லை. வான் மறுபடியும் ஹோர்ன் அடித்தது.

நஸீப் எங்களை முன்சீட்டுக்குப் பின்னால் இருந்த வரிசையில் ஏற்றினார். பேசின் மடியில், ஜஹானா பக்கத்தில். வான் ரயில் பாதையைக் கடந்து, மேட்டில் ஏறி, ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நின்றது. மதில் நிழலில் நாலு பிள்ளைகள். நிழல் அவர்களுக்குப் போதவில்லை. முன்னால் நின்ற பெண்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர்ப் போத்தல் காலியாகக் கழுத்தில் தொங்கியது.

"மாமா, ஏன் லேட்?"

நஸீப் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இந்த டீச்சராலதான். அவங்கள்ட்டயே கேளுங்க."

என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். ஜஹானா வெளியே பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

நாலு பிள்ளைகளும் ஏறாமல் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா, என்னாலதான்," என்றேன். "எனக்கு இன்னிக்குப் பரீட்சை இருந்திச்சு. நான் லேட்டா போயிட்டேன். அதனால மாமாவும் லேட்டாயிட்டாரு, நீங்களும் வெயில்ல நின்னீங்க. மன்னிச்சுக்கங்க."

பெண்பிள்ளை யோசித்தாள். "டீச்சருக்குமா பரீட்ச?"

"ஆமா."

"பாஸா?"

"பாஸ் மாதிரித்தான்."

அவள் ஏறி என் எதிரே நின்றாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் ஏறினார்கள். "எந்த ஸ்கூல் டீச்சர் நீங்க?"

"கலஹாவுக்கு மேல. தோட்டத்துல. ஜனவரியில இருந்து."

"அங்கயும் லேட்டாத்தான் வருவீங்களா?"

நஸீப் வாய்விட்டுச் சிரித்தார். வானில் எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஒருநாளும் வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கட்டிய கையை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை.

"சில நாள் வருவேன்," என்றேன். "வந்தா, ஏன்னு சொல்லுவேன்."

அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னைப் பார்த்தாள். பிறகு என் மடியில் இருந்த பேசினைச் சுட்டிக் காட்டினாள்.

"அதக் கீழ வைங்க. நான் இருக்கணும்."

பேசினைக் காலடியில் வைத்தேன். அவள் எனக்கும் ஜஹானாவுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வான் கெலிஓயா ரோட்டில் திரும்பியது.